ஷைத்தானுக்கு விலங்கு, நஃப்ஸுக்கு?

ரமலான் வந்துவிட்டால் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்படுகின்றன, நரகத்தின் வாசல்கள் அடைக்கப்படுகின்றன, ஷைத்தான்களுக்கு விலங்கிடப்படுகிறது. புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியிருக்கும் இந்த ஹதீஸைக் கேட்காமல் ஒரு ரமலானும் தொடங்குவதில்லை. அதைக் கேட்டதும் எழும் கேள்வியும் பழையதுதான். அப்படியானால் ரமலானில் பொய் ஏன் நிற்கவில்லை? சண்டை ஏன் ஓயவில்லை? புறம் பேசுவது ஏன் குறையவில்லை?

மார்க்க அறிஞர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். நஸாயீ என்ற இன்னொரு தொகுப்பின் அறிவிப்பில் ‘வரம்பு மீறிய ஷைத்தான்கள்’ என்று வருவதால், எல்லா ஷைத்தான்களுமே கட்டப்படுவதாகப் பொருளில்லை என்பது ஒரு விளக்கம். பாவத்துக்கு ஷைத்தான் மட்டும் காரணமில்லை, கெட்டுப்போன நஃப்ஸும் (ஆசைகளும் தூண்டுதல்களும் எழும் நம் உள்மனம்) ஊறிப்போன பழக்கமும் கெட்ட மனிதர்களும் காரணம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விளக்கத்தில் ஒரு நோன்பாளிக்கு வேண்டிய வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. மற்ற பதினொரு மாதங்களில் உள்ளே பேசுவது யார் என்று பிரித்தறிவது கடினம். இந்த ஒரு மாதத்தில் கேட்பது பெரும்பாலும் நம் சொந்தக் குரல்.

நஃப்ஸைக் குர்ஆன் மூன்று நிலைகளில் பேசுகிறது. தீமையைத் தூண்டும் நஃப்ஸ் (12:53), தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் நஃப்ஸ் (75:2), அமைதியடைந்த நஃப்ஸ் (89:27). இவை மூன்று தனித்தனி மனிதர்களின் அடையாளங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆள் காலையில் ஒரு நிலையிலும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வேறொரு நிலையிலும் இருக்கலாம். நோன்பு நாளில் இது நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். ‘சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்’ என்ற வாசகம், போரைவிட நஃப்ஸுடனான போராட்டமே பெரிது என்ற பொருளில், ரமலான் பயான்களில் (மார்க்க உரைகளில்) நபிமொழியாக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரை பலவீனமானது என்றே சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாமலே நம் காரியம் நடக்கும். ‘தன் நஃப்ஸுடன் போராடுபவரே முஜாஹித் (அறப்போராளி)’ என்று ஃபளாலா பின் உபைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அந்தப் போராட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு வைத்து உடலை வாட்டிக்கொண்ட நபித்தோழர் அபூதர்தா (ரலி) அவர்களிடம் இன்னொரு தோழரான ஸல்மான் (ரலி), ‘உன் இறைவனுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் நஃப்ஸுக்கும் உன்மீது உரிமை உண்டு, உன் குடும்பத்துக்கும் உரிமை உண்டு’ என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். ‘நஃப்ஸைக் கொல்வது’ என்று நாம் பழக்கத்தில் சொல்வதை ஓர் உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடிவாளம் போடத்தான் கட்டளை.

அந்தக் கடிவாளத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பசியால் நஃப்ஸ் அடங்கிவிடும் என்று நினைத்து வயிற்றை மட்டும் காவல் காக்கிறார்கள். வயிறு அடைக்கப்பட்டதும் நஃப்ஸ் இடம் மாறுகிறது. நாக்குக்குப் போகிறது, தூக்கத்துக்குப் போகிறது, கோபத்துக்குப் போகிறது, கைப்பேசிக்குப் போகிறது. சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பிறகு மறுபடியும் வயிற்றுக்கே வந்துவிடுகிறது. எந்த நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விடியலுக்கு முன் நோன்புக்காக உண்ணும் சஹர் நேரத்தில் நஃப்ஸுக்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, எழ விடாது. இரண்டாவது, எழுந்துவிட்டால் நாள் முழுவதுக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லும். ‘சஹர் செய்யுங்கள், அதில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது’ என்பது நபிமொழி. எனவே எழாமல் இருப்பதில் வீரம் எதுவுமில்லை. நபி (ஸல்) அவர்களின் சஹருக்கும் தொழுகைக்கும் இடையில் 50 வசனங்கள் ஓதும் நேரம் இருந்ததாக ஸைத் பின் ஸாபித் (ரலி) சொல்கிறார்கள். அதாவது கடைசி நேரத்தை ஒட்டிய, அவசரமில்லாத சாப்பாடு. அளவுக்கு மீறி உண்பதால் பசி தள்ளிப்போவதில்லை. இனிப்பும் வெறும் மாவுச்சத்தும் சீக்கிரமே செரித்துவிடும். உப்பு கூடினால் பகலில் தாகம் எடுக்கும். ஒரே மூச்சில் குடித்த தண்ணீரில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். நார்ச்சத்தும் புரதமும் உள்ள உணவை மிதமாகச் சாப்பிட்டு, தண்ணீரை மஃரிபிலிருந்து சஹர் வரை பிரித்துக் குடிப்பதே உடலுக்கு ஏற்றது. வயிறு கனத்தால் இன்னொரு இழப்பும் உண்டு. ‘பாங்கு சொல்லும்வரை கொஞ்சம் சாயலாம்’ என்று படுத்து, அதிகாலை சுபுஹுத் தொழுகையே கைநழுவிப் போகும். நோன்பை வைத்துவிட்டுத் தொழுகையைத் தூங்கிக் கழிப்பது நஃப்ஸுக்கு எவ்வளவு பெரிய வெற்றி!

டீ, காபி பழக்கம் உள்ளவர்கள் முதல் வாரத்தில் தங்கள் சிடுசிடுப்பை நோன்பின் மேல் போடுவார்கள். கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கும், இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானின் கடைசிப் பத்து நாட்களிலேயே குடிக்கும் அளவைப் படிப்படியாகப் பாதியாக்கிவிட்டால் இந்தச் சோதனையே பெரிதாக வராது. ஷஃபானில் நபி (ஸல்) அவர்கள் மற்ற மாதங்களைவிட அதிகமாக நோன்பு வைத்தார்கள். உடலைப் பழக்கும் கோணத்திலும் அந்த சுன்னத்தின் (நபிவழியின்) பயன் இங்கே புரியும்.

நாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நோன்பாளிகள் அதிகம் இழப்பது இங்கேதான். ‘பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், தம் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவுமில்லை’ என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது குர்ஆன் (49:12). ஹலாலான உணவையே தொடாமல் இருக்கும் பகல் பொழுதில் அந்த வசனத்தை ஓதிப்பாருங்கள், வேறொரு கனம் தெரியும்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு உடல் தளரும்போது பேச்சு ஒரு தீனியாகிவிடுகிறது. பொழுதைத் தள்ள யாராவது ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘உண்மையைத்தானே சொல்கிறேன்’ என்று நஃப்ஸ் வாதாடும். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் அந்த வாதத்துக்கு இடமே தரவில்லை. உன் சகோதரன் வெறுப்பதைக் கொண்டு அவனைப் பற்றிப் பேசுவதுதான் புறம். சொன்னது அவனிடம் இருந்தால் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு.

இன்னும் நுட்பமான வேஷம் ஒன்று இருக்கிறது. ‘அல்லாஹ் அவருக்கு ஹிதாயத் (நேர்வழி) கொடுக்கட்டும், பாவம்’ என்று பெருமூச்சுடன் தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் அவர் செய்ததையெல்லாம் வரிசையாக எடுத்து வைப்பது. துஆவும் செய்தாயிற்று, குறையும் சொல்லியாயிற்று, நல்லவர் என்ற பெயரும் வாங்கியாயிற்று. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) புறத்தின் வகைகளில் மிக மோசமானதாக இதைத்தான் சொல்கிறார். அநீதி இழைக்கப்பட்டவர் அதைத் தீர்க்கக் கூடியவரிடம் முறையிடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, திருமணத்துக்கோ கொடுக்கல் வாங்கலுக்கோ ஆலோசனை கேட்டவரிடம் உள்ளதைச் சொல்வது போன்ற இடங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த அனுமதிக்குள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை சேர்ந்தாலும், சேர்த்தது யார் என்று நமக்கே தெரியும்.

இதற்கு எளிய ஒரு விதியைக் கையாளலாம். லுஹரிலிருந்து மஃரிப் வரை, எதிரில் இல்லாத எவருடைய பெயரையும் தேவையின்றி எடுக்கக் கூடாது. நல்லதற்கும்கூட எடுக்காமல் இருப்பது முதல் வாரத்தில் பாதுகாப்பானது. ஏனென்றால் புகழ்ச்சியில் தொடங்கி ‘ஆனால்’ என்று திரும்பும் பேச்சுகள் அதிகம். மற்றவர் தொடங்கினால், இல்லாதவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பேச்சை மாற்றலாம். மாறாவிட்டால் எழுந்து உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்யப் போய்விடலாம். வாட்ஸ்அப்பில் விரலால் தட்டுவதும் பேச்சுதான். அனுப்பிய குரல் பதிவு நோன்புக்கு வெளியே இருப்பதில்லை.

அஸருக்குப் பிறகான கடைசி ஒரு மணி நேரம் கோபத்தின் நேரம். தூக்கக் குறைவு, தாகம், பசி மூன்றும் சேர்ந்துகொள்ளும். ‘நோன்பு ஒரு கேடயம். யாராவது சண்டைக்கு வந்தால், ஏசினால், நான் நோன்பாளி என்று சொல்லட்டும்’ என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். இரண்டு முறை சொல்லும்படி வரும் அறிவிப்பும் உண்டு. வாயால் சொல்வதா, மனதுக்குள் சொல்வதா என்று அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எதிரிலிருப்பவருக்கு முன்னால் தன் நஃப்ஸுக்கே அதைச் சொல்லிக்கொண்டால் நோக்கம் நிறைவேறும். எதிராளியின் வாயை அடைக்க அதையே ஓர் அம்பாக எறிந்தால் கோபம் வேறு உடை போட்டுக்கொண்டது என்று பொருள். நின்றுகொண்டிருந்தால் உட்காருவது, அப்படியும் தணியாவிட்டால் படுத்துக்கொள்வது என்ற வழிகாட்டல் அபூதாவூதில் இருக்கிறது. உடலின் நிலை மாறினால் கை நீளாது, காலும் முன்னேறாது.

நடைமுறையில் இந்த ஒரு மணி நேரத்தில் சில வேலைகளை வைத்துக்கொள்ளவே கூடாது. பணக் கணக்கு பேசுவது, பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்பது, நீண்ட நாள் மனக்கசப்பைத் தீர்க்க உட்காருவது, கடுமையான ஒரு செய்திக்குப் பதில் எழுதுவது எல்லாம் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து நடக்கட்டும். எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுதி, அனுப்பாமல் வைத்திருங்கள்.

வீட்டில் இந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே பசியோடு ஒருவர் அடுப்படியில் நிற்க, இன்னொருவர் தூங்கி எழுந்து ‘இன்னும் ஆகவில்லையா’ என்று கேட்கும் வீட்டில் நஃப்ஸின் போராட்டம் ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னார்கள். கடைசி அரை மணி நேரம் பாத்திரம் கழுவுவது பல ஆண்களுக்கு இரண்டு ரக்அத் (தொழுகையின் அலகு) நஃபில் (உபரி) தொழுகையைவிட நஃப்ஸுக்குக் கனமாக இருக்கும். கனமாக இருப்பதனாலேயே அதைச் செய்ய வேண்டும்.

பாங்கு சொன்னதும் காத்திருந்த எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. நோன்பின் உள் ஒழுக்கங்களாக இமாம் கஸ்ஸாலி ஆறு விஷயங்களைச் சொல்கிறார். பார்வை, நாக்கு, செவி, மற்ற உறுப்புகள் ஆகியவற்றைக் காப்பதைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக, ஹலாலான உணவையே நோன்பு திறக்கும்போது வயிறு முட்ட உண்ணாதிருப்பதை வைக்கிறார். பகலில் அடக்கிய இச்சையை இரவில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தால் அடக்கியதன் பயன் என்ன என்பதே அவர் கேள்வி. ஆறாவது, நோன்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்ற அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்த மனநிலை.

நோன்பு திறப்பதைத் தாமதிக்காமல் இருப்பது சுன்னத். பேரீச்சம் பழம், அது இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீர். பிறகு மஃரிப் தொழுகை. அதற்குப் பிறகு சாப்பாடு. இந்த வரிசையை மாற்றாமல் வைத்திருப்பது நஃப்ஸுக்கு எதிரான நல்ல தடை. வயிறு நிறைந்த உணர்வு மூளைக்கு வந்துசேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். தொழுகைக்கான இடைவெளி அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு உட்காரும்போது கை தானாகவே மெதுவாகும். ‘வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று பானத்துக்கு, ஒன்று மூச்சுக்கு’ என்ற ஹதீஸின் தொடக்கத்தையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதுகெலும்பை நிமிர்த்தும் சில கவளங்கள் போதும் என்றுதான் அது தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு என்பது தவிர்க்க முடியாதவருக்குச் சொன்ன மேல் எல்லை. இன்னொன்று, அன்றைக்கு என்ன சமைப்பது என்பதை அஸருக்குப் பிறகு முடிவு செய்யாதீர்கள். பசித்த வயிறு போடும் பட்டியல் எப்போதும் நீளம். சஹர் முடித்து வயிறு நிறைந்திருக்கும்போது முடிவு செய்தால் பாதியாகிவிடும்.

மஃரிபோடு நோன்பு முடிகிறது, தடைகள் முடிவதில்லை. திரும்பக் கிடைப்பது ஹலாலானவை மட்டுமே. உணவும் தண்ணீரும் கணவன் மனைவி உறவும் மீண்டும் ஆகும் (2:187). பொய்யும் ஹராமான பார்வையும் பகலிலும் ஹராம், இரவிலும் ஹராம். பலருடைய ரமலான் இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசித் திரையில் கரைந்துபோவது இந்த இடத்தில் கவனம் தப்புவதால்தான். தனிமையில் கண் செய்யும் பாவத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு மன உறுதியை நம்பச் சொல்வது நல்ல ஆலோசனையாகாது. கைப்பேசி படுக்கை அறைக்கு வெளியே இரவு முழுவதும் இருக்கட்டும், சஹருக்கு எழுப்பத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் இருக்கட்டும். வாய்ப்பை அகற்றுவதும் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மார்க்கத்தின் பெயரால் நடக்கும் சண்டைகளையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறை எந்த நாள், ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்று ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் வாக்குவாதத்தில் அறிவைத் தேடிப் போனவர்கள் குறைவு. ஜெயிக்கப் போனவர்களே அதிகம். தான் சரியான பக்கத்தில் இருந்தும் வாக்குவாதத்தை விட்டவருக்குச் சொர்க்கத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்குப் பொறுப்பேற்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ‘சரியான பக்கத்தில் இருந்தும்’ என்பதுதான். தவறு தன்மேல் இருந்தால் விடுவது எளிது.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் சரிசெய்ய முயல்வது இன்னொரு பொறி. முதல் நாளில் பத்துத் தீர்மானங்கள் எடுப்பவர் ஏழாம் நாளில் ஒன்றைக்கூடப் பிடித்திருக்க மாட்டார். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது. ஒரே ஒரு குணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை என்று தெரியாவிட்டால் முதல் மூன்று நோன்புகளில் எதையும் மாற்றாமல், எங்கே தடுக்கி விழுகிறோம் என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். மூன்று நாளும் திரும்ப வருவது எதுவோ அதுதான்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதற்கு இமாம் கஸ்ஸாலி ஒரு வியாபாரக் கூட்டாளியின் உவமையைத் தருகிறார். கூட்டாளியிடம் முதலைக் கொடுக்கும்போது நிபந்தனை பேசுகிறோம், வேலையைக் கண்காணிக்கிறோம், கணக்குக் கேட்கிறோம், குறைந்தால் அபராதம் போடுகிறோம். நஃப்ஸிடமும் அப்படியே. சுபுஹுக்குப் பிறகு ஒரு நிமிடம் ஒதுக்கி, ‘இன்று என் பிள்ளைகளிடம் குரலை உயர்த்த மாட்டேன்’ என்பதுபோல் அளக்கக்கூடிய நிபந்தனை ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நல்லவனாக இருப்பேன்’ என்பதை அளக்க முடியாது. தராவீஹுக்குப் பிறகு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எத்தனை முறை தவறியது என்று எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். கதை எழுத ஆரம்பித்தால் நியாயம் கற்பிப்பதும் ஆரம்பித்துவிடும். அபராதம் உடலை வருத்துவதாக இருக்கக் கூடாது. ஒரு தவறுக்கு இரண்டு ரக்அத், அல்லது கொஞ்சம் உறைக்கிற அளவு ஸதகா (தர்மம்), அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். கடனாக வைத்தால் அபராதம் செத்துவிடும். எண்ணிக்கை எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். அதை ஸ்டேட்டஸில் போட வேண்டியதில்லை. நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி தருகிறேன் என்று அல்லாஹ் சொல்லும் வணக்கத்தில் மறைவுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது.

தவறிய அந்த நிமிடத்தில் நஃப்ஸ் சொல்வது ஒன்றுதான்: ‘இன்றைய நோன்பு கெட்டுவிட்டது, இனி பார்த்து என்ன?’ இது பொய். புறம் பேசுவதாலும் கோபத்தில் ஏசுவதாலும் நோன்பு முறிந்துவிடுவதில்லை, கூலி குறைகிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மீதமுள்ள மணி நேரங்களின் கூலி இன்னும் கையில் இருக்கிறது. பாவம் செய்த அடியார் உளூ செய்து, இரண்டு ரக்அத் தொழுது, பாவமன்னிப்புக் கேட்டால் அல்லாஹ் மன்னிக்கிறான் என்று அபூபக்ர் (ரலி) வழியாக வரும் ஹதீஸ் இந்த நிமிடத்துக்கானது. ஏசியது ஒரு மனிதரை என்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்பதும் சேர்ந்தால்தான் முழுமை. மறதியாகச் சாப்பிட்டுவிட்டவருக்கோ எந்தக் குற்றமுமில்லை. நோன்பை நிறைவு செய்யட்டும், அல்லாஹ்தான் அவருக்கு உணவளித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் வாரத்தின் பிற்பகுதியில் ஓர் அயர்ச்சி வரும். பள்ளிவாசலில் வரிசைகள் சுருங்குவதை வைத்தே அதை அளக்கலாம். அந்த நாட்களுக்கென்று சின்ன அளவு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். மதீனா அச்சு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) 604 பக்கங்கள். ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்குப் பிறகும் 4 பக்கம் என்றால் நாளுக்கு 20 பக்கம், ஏறத்தாழ ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்). நான்கு முடியாத நாளில் ஒரு பக்கம் ஓதலாம், ஆனால் ஐந்து நேரமும் முஸ்ஹஃபைத் திறக்க வேண்டும். ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் வந்ததும் நபி (ஸல்) அவர்கள் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள், இரவுகளை உயிர்ப்பித்தார்கள், குடும்பத்தாரை எழுப்பினார்கள். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு, அதாவது 83 ஆண்டுகள் 4 மாதங்களுக்கு மேலானது, இந்தப் பத்தில் இருக்கிறது. அந்த இரவு அதுதான் என்று 27ஆம் இரவு மட்டும் பள்ளிவாசலுக்கு வந்து மற்றவற்றைக் கடைவீதியில் கழிக்கச் சொல்வது யாருடைய குரல் என்று இதற்குள் அடையாளம் தெரிந்திருக்கும்.

பெருநாள் பிறை தெரிந்த இரவைத்தான் நஃப்ஸ் முப்பது நாளும் எதிர்பார்த்திருக்கிறது. அந்த இரவில் இரவுத் தொழுகையான இஷாவும் மறுநாள் சுபுஹும் ஜமாஅத்தோடு (கூட்டாக) கிடைத்தால் பெரும் பாதுகாப்பு. தேர்ந்தெடுத்த அந்த ஒரு குணத்தின் எண்ணிக்கையை அடுத்த மாதமான ஷவ்வாலிலும் அதே தாளில், அதே நேரத்தில் எழுதிக்கொண்டே இருங்கள். தராவீஹ் இல்லாததால் இஷாவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். ரமலானைத் தொடர்ந்து ஷவ்வாலில் ஆறு நோன்பு வைப்பவர் காலமெல்லாம் நோன்பு வைத்தவரைப் போன்றவர் என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸ் சொல்கிறது. பெருநாள் அன்று நோன்பு வைக்கக் கூடாது. அடுத்த நாளிலிருந்து தொடங்கலாம், ஆறையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்றும் இல்லை. திங்களும் வியாழனுமாகப் பிரித்து வைத்தால் மூன்று வாரம் வரும். அந்த மூன்று வாரமும் தாளில் எண்ணிக்கை தொடரட்டும்.